கவிதையால் என்ன பயன்? மறுமலர்ச்சிக் கால ஐரோப்பா சொன்ன பதில்கள்

பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் கவிஞர்களை நகரத்தைவிட்டு வெளியேற்றினார் என்பது பலருக்கும் தெரியும். அதே பகுதியில் அவர்கள் திரும்பி வர ஒரு வழியையும் விட்டுவைத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கவிதை இன்பம் தருவதோடு நிற்காமல் நல்லாட்சிக்கும் மனித வாழ்வுக்கும் பயன்படுகிறது என்று யாராவது நிறுவினால் அதை ஏற்றுக்கொள்ளலாம், கவிஞரல்லாத கவிதை அன்பர்கள் உரைநடையிலேயே அதற்காக வாதாடலாம் என்று அந்நூலின் முதன்மைப் பேச்சாளரான சாக்ரடீஸ் அங்கே சொல்கிறார். 14ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட கவிதை வாதங்களில் பெரும்பாலானவை இந்த நிபந்தனைக்கு உட்பட்டே எழுதப்பட்டவை. கவிதை இனிக்கிறது என்பதில் எதிர்த்தரப்புக்கும் சந்தேகமில்லை. அதனால் என்ன பயன் என்பதே வழக்கு.

வழக்குத் தொடுத்தவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ 'தெய்வங்களின் வம்சாவளி' என்ற பெரிய லத்தீன் நூலின் 15 பகுதிகளில் கடைசி இரண்டைக் கவிதைக்காக வாதாடவே ஒதுக்கினார். அங்கே அவர் முதலில் எதிர்கொள்பவர்களில் வழக்கறிஞர்கள் உண்டு. கவிஞர்கள் ஏழைகள், காசு சம்பாதித்துத் தராத படிப்பு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சட்டம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும், கவிதை நிலைத்த அடித்தளத்தில் நிற்கும் அறிவு என்பது பொக்காச்சியோவின் பதில். அடுத்து வந்தவர்கள் துறவிகள். பிற சமயக் கடவுளரின் கள்ளக்காதல் கதைகளைக் கிறிஸ்தவர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். கதை ஒரு திரை, அதன் பின்னால் உண்மை மறைந்திருக்கிறது, உழைத்துக் கண்டெடுத்த உண்மையே மனதில் தங்கும் என்றார் அவர்.

இந்தத் திரைக் கொள்கை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அது நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதை ஜான் ஹாரிங்டன் 1591இல் வெளியிட்ட 'ஓர்லாண்டோ ஃபியூரியோஸோ' என்ற இத்தாலியக் காப்பியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில் பார்க்கலாம். பெர்சியஸ் என்ற வீரன் கோர்கன் என்ற அரக்கியைக் கொன்று வானுலகம் ஏறுகிறான். முதல் அடுக்கில் இது வரலாறு: ஒரு வீரன் ஒரு கொடுங்கோலரை ஒழித்தான், மக்கள் அவனைப் புகழ்ந்து வானில் ஏற்றினார்கள். அடுத்த அடுக்கில் ஒழுக்கம்: அறிவுள்ளவன் பாவத்தை வென்று அறத்தின் உச்சிக்குப் போகிறான். அதற்கும் உள்ளே, கடவுளின் பிள்ளையாகிய மனித மனம் தன்னிடமுள்ள மண்ணின் தன்மையை வென்று மேலான அறிவை அடைகிறது. இப்படி ஒரு கதையிலிருந்து நாலைந்து பயன்களை உரித்தெடுக்க முடிந்தது. கோளாறும் அங்கேயே இருந்தது. எந்தக் கதையிலிருந்தும் எந்தப் பொருளையும் எடுக்கலாம் என்றால், அந்தப் பொருள் கவிதையில் இருந்ததா, வாசகர் கொண்டுவந்து வைத்ததா? கதை வெறும் உமியாகிவிட்டால், அரிசி கிடைத்தபின் அதை யார் வைத்துக்கொள்வார்கள்?

தேன் தடவிய கிண்ணம்

இன்னொரு பதில் ரோமானியக் கவிஞர் ஹோரஸிடமிருந்து வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய 'கவிதைக் கலை' 476 அடிகள் கொண்ட செய்யுள் கடிதம். அதன் 333ஆம் அடி கவிஞர்கள் பயன்பட விரும்புகிறார்கள், அல்லது மகிழ்விக்க விரும்புகிறார்கள் என்கிறது. பத்து அடி தள்ளி, பயனையும் இனிமையையும் கலந்தவரே எல்லோர் வாக்கையும் பெறுகிறார் என்கிறது. மறுமலர்ச்சிக் காலப் பள்ளிகளில் மாணவர்கள் மனப்பாடமாகச் சொன்ன அடிகள் இவை. முதலாவதில் இருக்கும் 'அல்லது' காலப்போக்கில் உதிர்ந்து, இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது விதியானது. பேச்சாளன் கற்பிக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், உள்ளத்தை அசைக்க வேண்டும் என்று ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ சொன்ன மூன்றையும் அதன்மேல் ஏற்றினார்கள்.

கலவை சரி, எது எதற்காக? இங்கேதான் ரோமானியத் தத்துவக் கவிஞர் லுக்ரீஷியஸின் உவமை வந்து ஒட்டிக்கொண்டது. கசப்பு மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் மருத்துவர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவார். இத்தாலியக் கவிஞர் டாஸோ 1581இல் அச்சான 'விடுதலை பெற்ற ஜெருசலேம்' காப்பியத்தின் தொடக்கத்திலேயே இதை எடுத்தாண்டார். நோயுற்ற குழந்தை ஏமாந்து குடிக்கிறது, அந்த ஏமாற்றத்தாலேயே உயிர் பெறுகிறது என்கிறார்.

கேட்க அழகாக இருக்கும் இந்த உவமை கவிதைக்கு உதவியதைவிடக் கெடுதல் செய்ததே அதிகம் என்பது என் கருத்து. மருந்து வேறு, தேன் வேறு என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. மருந்து தத்துவத்திலோ சமய நூலிலோ தயாராகிறது, கவிஞரின் வேலை விளிம்பில் தடவுவது மட்டும் என்றாகிறது. வளர்ந்தவர்களுக்குக் கிண்ணத்தில் தேன் தேவையில்லையே, அவர்கள் மருந்தை நேரே குடிக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இல்லை. குழந்தை தேனை மட்டும் நக்கிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டால் அதற்கும் பதில் இல்லை.

பள்ளிக்கூடங்களில் இந்தப் பிரிவினை ஒரு வாசிப்பு முறையாகவே மாறியது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட 'டி கோப்பியா' என்ற சொல்வளப் பாடநூல் அந்த முறையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறது. முதலில் ஒரு குறிப்பேட்டில் அறங்களையும் அவற்றுக்கு எதிரான குற்றங்களையும் தலைப்புகளாக எழுத வேண்டும். பக்தி, அதன் எதிரில் பக்தியின்மை. பக்தியின் கீழ் கடவுளிடம், நாட்டிடம், பெற்றோரிடம் என்று உட்பிரிவுகள். பிறகு நூல்களைப் படித்துக்கொண்டே போய், கண்ணில் படும் கதை, உவமை, பொன்மொழி ஒவ்வொன்றையும் உரிய தலைப்பின்கீழ்ச் சேர்க்க வேண்டும். ஒரே கதை பல தலைப்புகளுக்குப் பொருந்தும் என்பதற்கு அவரே சாக்ரடீஸின் மரணத்தைக் காட்டுகிறார். நல்லவன் சாவுக்கு அஞ்ச மாட்டான் என்பதற்கும் அது எடுத்துக்காட்டு. பொறாமையால் அறம் அழியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு. ஊர் வழக்கத்தை மதிக்காத தத்துவம் ஆபத்தில் முடியும் என்பதற்கும் அதுவே.

அச்சகங்கள் இந்தப் பழக்கத்துக்கு வசதி செய்து கொடுத்தன. எடுத்து எழுதத் தகுந்த வரிகளின் முன்னால் மேற்கோள் குறியோ, சுட்டும் கை வடிவமோ அச்சிட்டார்கள். 1603இல் வந்த ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடக முதல் பதிப்பில், பிற்பாடு பொலோனியஸ் என்று அறியப்பட்ட அமைச்சர் மகனுக்குச் சொல்லும் அறிவுரைகளுக்கு அத்தகைய குறிகள் உண்டு. நாடகத்துக்குள் அந்த மனிதர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்டு உயிரை விடுகிறவர். குறிப்பேட்டில் எழுதும்போது வரி வந்துவிடும், சொன்னவர் யார் என்பது விடுபட்டுவிடும். இளைஞர்கள் கவிதையை எப்படிப் படிக்க வேண்டும் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய கட்டுரை அக்காலத்தில் பெரிதும் படிக்கப்பட்டது. ஒரு கூற்றை அதைச் சொல்லும் பாத்திரத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்று அவர் எச்சரித்திருந்தார். குறிப்பேட்டின் கட்டங்களில் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லை.

அரிஸ்டாட்டில் வந்து சேர்ந்த விதம்

பிளேட்டோவின் கேள்விக்கு மிகச் சிறந்த பதில் அவருடைய மாணவரிடமே இருந்தது. ஆனால் அது ஐரோப்பாவின் கைக்குச் சரியாக வந்துசேர நெடுங்காலம் ஆனது. இடைக்காலத்தில் அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து எழுதிய அரபு விளக்கத்தின் லத்தீன் வடிவமாகவே தெரிந்திருந்தது. கிரேக்க நாடகத்தை மேடையில் அறியாத அந்த விளக்கம், கவிதை முழுவதும் புகழ்ச்சி அல்லது இகழ்ச்சி என்று பிரித்தது. துன்பியல் நாடகம் நல்லவரைப் புகழும் கலை என்றானது. இந்த ஒரு திரிபு கவிதையை ஒழுக்கவியலின் கிளையாக நிலைநிறுத்திவிட்டது. 1278இலேயே வில்லியம் மோர்பெக்கே கிரேக்கத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்திருந்தும் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

1498இல் ஜார்ஜியோ வாலாவின் லத்தீன் மொழிபெயர்ப்பு வெனிஸில் அச்சானது. 1508இல் ஆல்டஸ் அச்சகம் கிரேக்க மூலத்தை வெளியிட்டது. 1536இல் பாட்ஸியின் மொழிபெயர்ப்பும், 1548இல் ரொபர்ட்டெல்லோவின் முதல் பெரிய உரையும் வந்தபிறகே விவாதம் சூடுபிடித்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் மாட்ஜி, வெட்டோரி, காஸ்டெல்வெட்ரோ என்று உரைகள் வரிசைகட்டி வந்தன.

அந்த நூலில் அவர்கள் தேடியது பயனை. முதல் துருப்பு ஒன்பதாம் இயலில் கிடைத்தது. நடந்ததைச் சொல்லும் வரலாற்றைவிட, நடக்கக்கூடியதைச் சொல்லும் கவிதை தத்துவத்துக்கு நெருக்கமானது என்று அரிஸ்டாட்டில் அங்கே சொல்கிறார். இரண்டாவது துருப்பு ஆறாம் இயல்: இரக்கமும் அச்சமும் மூட்டி அவ்வுணர்ச்சிகளைத் தூய்மையாக்குவது துன்பியல் நாடகம். கவிதை உணர்ச்சிகளுக்குத் தீனிபோட்டு மனிதனைக் கெடுக்கிறது என்ற பிளேட்டோவின் குற்றச்சாட்டுக்கு இது நேர் எதிர். ஆனால் தூய்மையாவது எப்படி என்று அரிஸ்டாட்டில் அந்நூலில் விளக்கவில்லை. ஆளுக்கொரு விளக்கம் பிறந்தது. மேடையில் பார்த்துப் பழகியவர்கள் வாழ்வில் துன்பம் வரும்போது குறைவாகக் கலங்குவார்கள் என்றார் ரொபர்ட்டெல்லோ. இரக்கமும் அச்சமும் வெளியேற வேண்டிய குற்றங்களே அல்ல, அவற்றைக் கொண்டு கோபம், காமம் முதலியவை வெளியேற்றப்படுகின்றன என்றார் மாட்ஜி. மருத்துவர் நஞ்சை நஞ்சால் முறிப்பதை ஒப்பிட்டார் மின்டூர்னோ. ஒருவர் மனதை மரத்துப்போகச் செய்யச் சொல்கிறார், மற்றவர் இரக்கத்தை வளர்க்கச் சொல்கிறார். இரண்டும் ஒரே வரியின் உரை.

இந்தக் கூட்டத்தில் காஸ்டெல்வெட்ரோ தனித்து நிற்கிறார். சமய விசாரணைக்குத் தப்பி இத்தாலியை விட்டு ஓடியவர், 1570இல் வியன்னாவில் இத்தாலிய மொழியில் தம் உரையை அச்சிட்டார். கவிதை கல்லாத பொதுமக்களை மகிழ்விக்கவும் அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் கண்டுபிடிக்கப்பட்டது, அவ்வளவே என்று துணிந்து எழுதினார். அறிவியலும் தத்துவ நுணுக்கமும் அதற்கு ஏற்ற பொருளல்ல என்றார். நாடகத்தின் கதை ஒரே இடத்தில், சுமார் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற அவருடைய கறாரான விதியும் இதன் பிள்ளையே. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பசியும் உடல் தேவைகளும் உண்டு, சில மணி நேரமே அமர்ந்திருந்தோம் என்பது தெரிந்தவரிடம் பல நாள் கடந்துவிட்டது என்று நம்பவைக்க முடியாது என்பது அவர் காரணம். பயன் என்ற கேள்வியையே ஒதுக்கிவைத்த துணிச்சலுக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் மக்களைப் பற்றி அவர் வைத்திருந்த தாழ்ந்த எண்ணம் அந்தத் துணிச்சலைக் குறுக்கிவிட்டது.

சிட்னி வழக்கை நடத்திய விதம்

1576இல் லண்டன் புறநகரில் ஜேம்ஸ் பர்பேஜ் நிரந்தர நாடக அரங்கம் ஒன்றைக் கட்டினார். மூன்றே ஆண்டில், முன்பு தானும் நாடகம் எழுதிய ஸ்டீஃபன் காசன் 'ஸ்கூல் ஆஃப் அபியூஸ்' என்ற சிறு நூலில் கவிஞர்களையும் குழலூதுவோரையும் நடிகர்களையும் நாட்டை அரிக்கும் கம்பளிப்புழுக்கள் என்று சாடினார். அதை ஃபிலிப் சிட்னி என்ற 24 வயதுப் பிரபுகுல இளைஞருக்குக் காணிக்கையாக்கினார். அந்த உழைப்புக்குக் காசனுக்குக் கிடைத்தது இகழ்ச்சிதான் என்று கவிஞர் எட்மண்ட் ஸ்பென்ஸர் அதே ஆண்டு ஒரு கடிதத்தில் எழுதினார். சிட்னி 1580ஐ ஒட்டி எழுதிய 'டிஃபென்ஸ் ஆஃப் பொயஸி' அவர் போர்க்காயத்தால் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1595இல், இரண்டு வெவ்வேறு பதிப்பாளர்களால் இரண்டு தலைப்புகளில் வெளியானது.

அது நீதிமன்ற வாதம் போல முன்னுரை, வழக்கின் வரலாறு, வரையறை, நிறுவுதல், மறுப்பு, முடிப்புரை என்று கட்டப்பட்டது. சரக்கில் பெரும்பகுதி ஹோரஸும் அரிஸ்டாட்டிலும் 16ஆம் நூற்றாண்டுக் கவிதையியல் அறிஞர் ஸ்காலிகரும் கொடுத்தது. கட்டிய விதம் புதிது. எல்லாக் கல்வியின் முடிவும் அறிவதில் இல்லை, செய்வதில் இருக்கிறது என்று அவர் முதலில் ஓர் அளவுகோலை நட்டுக்கொள்கிறார். பிறகு மூன்று பேரை அதன்முன் நிறுத்துகிறார். தத்துவவாதி விதி சொல்கிறார், ஆனால் அது கடினமானது, கண்முன் நிற்காதது. வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டு தருகிறார், ஆனால் நடந்ததற்குக் கட்டுப்பட்டவர். சாக்ரடீஸ் கொல்லப்பட்டதையும் கொடியவர்கள் படுக்கையில் நிம்மதியாகச் செத்ததையும் அவர் மாற்ற முடியாது. கவிஞர் விதியையும் எடுத்துக்காட்டையும் ஒரே உருவத்தில் வைக்கிறார்.

இதை விளக்க அவர் யானையையும் காண்டாமிருகத்தையும் கொண்டுவருகிறார். இரண்டையும் பார்த்திராத ஒருவருக்கு நிறம், உருவம், அளவு, அடையாளம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கலாம். அவர் ஒப்பிக்கவும் செய்வார். உள்ளுக்குள் அந்த விலங்கு உருவாகியிருக்காது. நல்ல ஓவியம் ஒன்றைக் காட்டினால் விளக்கமே இல்லாமல் விளங்கிவிடும். அடுத்துக் கோபத்தை எடுக்கிறார். கோபம் சிறிது நேரப் பைத்தியம் என்று ஸ்டோயிக் தத்துவவாதிகள் சொல்லிவிட்டார்கள். அது எந்த வகையைச் சேர்ந்தது, பிறவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று இடைக்காலக் கல்விக்கூடத் தத்துவவாதிகள் பிரித்துக்காட்டுவார்கள். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் ஏஜாக்ஸ் என்ற வீரனை மேடைக்குக் கொண்டுவருகிறார். அவன் ஆடுமாடுகளைக் கிரேக்கப் படை என்று எண்ணி, அவற்றில் படைத்தலைவர்கள் அகமெம்னனும் மெனலாஸும் இருப்பதாக நினைத்து, சாட்டையால் அடிக்கிறான், வெட்டுகிறான். கோபம் என்னவென்று இப்போது தெரிகிறதா இல்லையா என்று சிட்னி கேட்கிறார்.

இங்கே தேனும் மருந்தும் பிரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏஜாக்ஸின் காட்சியிலிருந்து 'கோபம் தீது' என்ற வரியை உரித்து எடுத்தால் அந்த அறிவு போய்விடும், பழைய விதிதான் மிஞ்சும். காட்சியே அறிவு. அதைப் பார்க்கும் இன்பமும் நடுக்கமுமே நம்மைச் செயலுக்குத் தள்ளும் விசை. முதிய தந்தையைத் தோளில் சுமந்து எரியும் நகரைக் கடக்கும் வர்ஜிலின் காப்பிய நாயகன் ஈனியாஸைப் படிப்பவர்களில், அந்தச் செயல் தனக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்காதவர் யார் என்று அவர் கேட்பதும் இதனால்தான். சிட்னியே செர்ரிப் பழத்தில் வைத்த மருந்து என்ற பழைய உவமையை ஓரிடத்தில் பயன்படுத்துகிறார். அவருடைய வலுவான பக்கங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன.

மறுப்புப் பகுதியில் நான்கு குற்றச்சாட்டுகள். நேரத்தை வீணாக்குகிறது என்பதற்கு, அறத்துக்குத் தூண்டும் கல்வியைவிட மேலானது ஏது என்கிறார். கெடுக்கிறது என்பதற்கு, வாளால் தந்தையையும் கொல்லலாம், நாட்டையும் காக்கலாம், கெடுக்கும் ஆற்றல் உள்ள பொருளுக்கே ஆக்கும் ஆற்றலும் உண்டு என்கிறார். பிளேட்டோ வெளியேற்றினாரே என்பதற்கு, வெளியேற்றியது தவறான பயன்பாட்டை என்கிறார். பிளேட்டோவின் வாசகத்தைப் படித்தவருக்கு இந்த மூன்றாவது பதில் கொஞ்சம் வசதியானதாகவே தோன்றும். முக்கியமானது பொய் பற்றியது. வானியலாளர், மருத்துவர், வரலாற்றாசிரியர் எல்லோரும் எதையோ உண்மை என்று உறுதி கூறுவதால் பொய்யில் சிக்குகிறார்கள். கவிஞர் எதையும் உறுதி கூறுவதில்லை, எனவே பொய் சொல்வதும் இல்லை. நாடகம் பார்க்கப்போன எந்தக் குழந்தை, கதவில் பெரிய எழுத்தில் 'தீப்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது தீப்ஸ் நகரம்தான் என்று நம்பும்?

வாதத்தின் பலவீனமான மூட்டும் இதுதான். எதையும் உறுதி கூறாதவர் எப்படிக் கற்பிப்பார்? கற்பிக்கிறார் என்றால் ஏதோ ஒன்றை உண்மை என்கிறார். சிட்னி தரும் விடை சுருக்கமானது, பலர் கவனிக்காமல் கடந்துபோவது. கதையைக் கதை என்று அறிந்து வரும் வாசகர், அதை ஒரு கட்டடத்துக்கான மனை வரைபடம் போல எடுத்துக்கொண்டு, பயனுள்ள ஒன்றைத் தானே கட்டிக்கொள்கிறார். அதாவது பயன் கவிதைக்குள் பொட்டலமாக இல்லை. வாசகரின் உழைப்பில் அது உண்டாகிறது. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதைவிட நேர்மையான பதிலை நான் படித்ததில்லை.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கவிஞர் அறத்தை எப்போதும் வெற்றியோடு காட்டுகிறார், தீயவர் மேடைக்கு வந்தால் விலங்கிட்டே வெளியே போகிறார்கள் என்றும் சிட்னி வாதாடினார். முழு நல்லவனும் முழுக் கெட்டவனும் துன்பியல் நாடகத்துக்கு ஆகாது என்ற அரிஸ்டாட்டிலோடு இது ஒட்டவே ஒட்டாது. அறியாமல் தந்தையைக் கொன்ற ஈடிபஸ் எந்த அறத்துக்காகக் கண்களை இழந்தான்? அடுத்த நூற்றாண்டில் நல்லவருக்கு நன்மை, தீயவருக்குத் தண்டனை என்பது நாடக ஆசிரியர்களின் கழுத்தில் விதியாக மாட்டப்பட்டபோது, அதன் ஒரு முனை இங்கே கட்டப்பட்டிருந்தது.

உள்ளத்தை அசைப்பதற்கு எல்லை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஃபெராய் நகரின் கொடுங்கோலன் அலெக்சாண்டர் கணக்கற்றவர்களை இரக்கமின்றிக் கொன்றவன். துன்பியல் நாடகம் ஒன்றைப் பார்த்துக் கண்ணீர் விட்டான். பிறகு, தன் கல்மனது இளகிவிடுமோ என்று அதற்குமேல் கேட்காமல் விலகிக்கொண்டான். புளூட்டார்க் சொன்ன இந்தக் கதையைக் கவிதையின் ஆற்றலுக்குச் சான்றாகவே சிட்னி தருகிறார். ஆற்றலுக்கு அது சான்றுதான். பயனுக்குச் சான்றாக வேண்டுமானால் அவன் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிட்னியின் சொந்தப் படைப்பான 'ஆர்கேடியா' பெரும்பாலும் உரைநடை. செய்யுள் கவிதைக்கு அணி மட்டுமே, நீண்ட அங்கி ஒருவரை வழக்கறிஞர் ஆக்காது என்று வாதாடியவருக்கு அது முரணில்லை. அதில் சிறைப்பட்ட இளவரசி பமேலா கடவுளிடம் மன்றாடும் ஒரு பகுதி வருகிறது. 1649 ஜனவரி 30 அன்று இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அவர் எழுதியதாக வெளியான 'ஐகான் பசிலிகே' நூலின் சில பதிப்புகளில், சிறையில் அரசர் சொன்ன மன்றாட்டு என்று பமேலாவின் அதே மன்றாட்டு சிறு மாற்றங்களுடன் சேர்க்கப்பட்டது. அரசருக்கு எதிர்த்தரப்பில் நின்ற கவிஞர் மில்டன் அதே ஆண்டு எழுதிய மறுப்பு நூலில் இதைக் கண்டுபிடித்துக் கடுமையாகச் சாடினார். பிற சமயத்துக் கதைப்பெண் பிற சமயக் கடவுளிடம் சொன்ன வார்த்தைகளை ஒரு கிறிஸ்தவ அரசர் சாவின் வாசலில் இரவல் வாங்குவதா என்பது அவர் கோபம். 'ஆர்கேடியா'வை வீண் காதல் கதை என்று தள்ளிய அதே வாக்கியத்தில், அதன் வகையில் மதிப்பும் மதிநுட்பமும் நிறைந்த நூல் என்றும் எழுதினார். 'ஐகான் பசிலிகே' அந்த ஒரே ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. அந்த மன்றாட்டு சேர்ந்த பதிப்புகளை வாங்கியவர்கள் அதைத் தங்கள் அரசரின் குரலாகவே படித்தார்கள்.